சுத்துறது விசிறி இல்லை... கணக்கு!

2023 டிசம்பர். தென்மாவட்டங்களில் பேய்மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. போக வர வழியே இல்லை. உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். அவர்களுக்குச் சாப்பாடு வந்து இறங்கியது வானத்திலிருந்து. கொண்டுவந்தது ஹெலிகாப்டர்!

மலையும் காட்டாறும் பக்கத்திலேயே இருக்கும் தேவதானம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்த மெஷினோட அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரி, இதையெல்லாம் எங்கே சொல்லித் தர்றாங்க?

அரக்கோணத்தில் ஒரு கிளாஸ் ரூம்

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 22 வாரப் பயிற்சி. பறப்பது மட்டுமில்லை, தரைப் பாடமும் உண்டு. 2024 ஜூன் 7 அன்று இங்கே பயிற்சி முடித்து 'கோல்டன் விங்ஸ்' வாங்கிய அனாமிகா பி.ராஜீவ்தான், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட். சபாஷ்!

அப்படி என்ன பாடம்?

மேலே ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு குட்டி ரோட்டார். அடுத்த தலைவலி, முன்னால் பறக்கும்போது. காற்றை எதிர்த்துப் போகும் இறக்கைக்குத் தூக்குவிசை அதிகம், பின்வாங்கும் இறக்கைக்குக் குறைவு. அப்படியே விட்டால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கைகள் மேலும் கீழும் அசைய இடம் கொடுத்து, கோணத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பைலட் கையசைப்பை இறக்கைக்குக் கொண்டு சேர்க்கும் தட்டுக்குப் பெயர் 'ஸ்வாஷ் பிளேட்'.

இன்ஜின் நின்றுபோனால்? அவ்வளவுதான்னு நினைக்காதீங்க பாஸ்! இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றவைக்கும். இதுதான் 'ஆட்டோரொட்டேஷன்'. 1972-ல் பிரான்ஸின் ழான் பூலே, 'லாமா' ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் போய் உலக சாதனை செய்தார். மேலே இன்ஜின் அணைந்துவிட்டது. மனுஷன் அலட்டிக்கொள்ளாமல் இந்த முறையிலேயே தரையிறங்கினார். அதே லாமாவின் இந்தியத் தயாரிப்புதான், சியாச்சின் பனிமலைக்குப் போய்வரும் நம்ம 'சீட்டா'.

ஒரு தட்டு முறிந்தால்...

2025 ஜனவரி 5. போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் 'துருவ்' விழுந்து நொறுங்கியது. மூன்று உயிர்கள் போயின. விசாரணையில் தெரியவந்தது, ஸ்வாஷ் பிளேட்டில் முறிவு! நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. மே மாதம்தான் தரைப்படை, விமானப்படை துருவ்களுக்கு மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது.

துருவ் நம்ம நாட்டிலேயே ஹெச்.ஏ.எல். உருவாக்கிய ஹெலிகாப்டர். முதலில் பறந்தது 1992-ல். டிசைன் நம்முடையது என்றால் பெருமை மட்டுமில்லை, பொறுப்பும் நம்முடையதுதான். உலோகம் எப்போது களைத்துப்போகும், அதிர்வு எங்கே போய்ச் சேரும் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் வேண்டும். ஜெட் விமானம் என்றால் ஓடி வரும் ஏரோநாட்டிகல் மாணவர்கள், ரோட்டார் பக்கமும் கொஞ்சம் திரும்பினால் நல்லது.

எப்படி உள்ளே நுழைவது?

* ஓட்ட ஆசையா? டிகிரி முடித்து எஸ்.எஸ்.பி. நேர்காணல் வழியாகக் கடற்படை பைலட் ஆகலாம்.

* ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்குமா? பி.இ. படித்தவர்களுக்கு 'ஏர் இன்ஜினீயரிங்' பிரிவு உண்டு. இதற்கான கடற்படைக் கல்விக்கூடம் கொச்சியில்.

* ஆராய்ச்சியா? கேட் எழுதி ஐ.ஐ.டி. கான்பூர், பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி. என்று முட்டிப்பாருங்கள். கான்பூர் பேராசிரியர் சி.வெங்கடேசன் எழுதிய 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் ஹெலிகாப்டர் டைனமிக்ஸ்' நல்ல ஆரம்பம்.

மெக்கானிக்ஸ், வைப்ரேஷன், மெட்டீரியல்ஸ்... அரியர் வைக்கும் பேப்பர்கள் என்று பெயரெடுத்தவை எல்லாம் ஒன்றுகூடிப் பறப்பதற்குப் பெயர்தான் ஹெலிகாப்டர். அடுத்த முறை தலைக்கு மேலே சத்தம் கேட்டால் கையாட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்களின் உயிர், எங்கோ ஒரு மாணவர் ஒழுங்காகப் போட்ட கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாணவர் நீங்களாகவும் இருக்கலாமே!