நீட்சியாற் பழுதுற்ற உலாவியைச் சீர்செய்தல்

மன்னார்த் தீவில், மன்னார் நகருக்குந் தலைமன்னாருக்கும் இடையே அமைந்துள்ள பேசாலை, கடற்றொழிலாற் பெயர்பெற்ற ஊர். இத்தகைய ஊரிலே ஒரு வீட்டிற் கணினி ஒன்று உளதாயின் அஃது ஒருவர்க்கே உரியதாய் இருத்தல் அரிது. கடலுக்குப் போகுமுன் காற்றின் திசையையும் வேகத்தையும் அறிய விரும்புந் தொழிலாளி, பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுப் பக்கத்தைத் தேடும் மாணவன், கடல்கடந்து வாழும் பிள்ளையின் மின்மடலை எதிர்நோக்கியிருக்குந் தாய் ஆகிய யாவரும் புகும் வாயில் அதுவே. அவ்வாயிலுக்குக் கதவாய் அமைந்தது உலாவி என்னும் மென்பொருள்.

ஒருநாள் அக்கதவு திறக்கும் இடம் மாறிவிடுகின்றது. முதற்பக்கமாக முன்பு கண்டறியாத தளமொன்று தோன்றுகின்றது. எதைத் தேடினும் விளம்பரமே விடையாய் வருகின்றது. பக்கங்கள் ஆமை நடையிற் திறக்கின்றன. இந்நிலையிற் பெரும்பாலார் சொல்லும் பரிகாரம் ஒன்றுண்டு. “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்” என்பதே அது. இப்பரிகாரம் நோயை நீக்காது நோயாளியின் பொருளை மாத்திரம் நீக்கிவிடுதலும் உண்டு. அது எவ்வாறு என்பதை அறிதற்கு உலாவியின் அமைப்பைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

உலாவி என்று நாம் ஒருபெயராற் சுட்டுவது உண்மையில் மூன்று பொருள்களின் சேர்க்கை. முதலாவது, நிறுவனம் வழங்கும் மென்பொருள். இஃது எல்லோர்க்கும் பொதுவானது. இரண்டாவது, அமைப்புகள், முதற்பக்கம் எது, தேடுதளம் எது, எந்நீட்சிகள் இயங்குகின்றன என்பன போன்றவை. மூன்றாவது, பயன்படுத்துவோரின் உடைமை. நூற்குறிகள், சென்றுவந்த பக்கங்களின் வரலாறு, சேமித்த கடவுச்சொற்கள் என்பன. இவற்றுள் முதலாவது ஓரிடத்திலும், பின்னைய இரண்டும் ‘புரொபைல்’ எனப்படும் வேறொரு கோப்புறையிலும் வைக்கப்பட்டுள்ளன. பயர்பொக்ஸ் உலாவியில் நூற்குறிகளும் வரலாறும் ஒரே கோப்பில் உள்ளன. கடவுச்சொற்களோ ஒரு கோப்பிலும், அவற்றைத் திறக்குந் திறவுகோல் மற்றொரு கோப்பிலுமாக உள்ளன. ஆதலின் ஒன்றை மட்டும் எடுத்துவைத்தவர் பூட்டிய பெட்டியைக் காத்துத் திறப்பைத் தொலைத்தவராவார்.

இனி அந்தப் பரிகாரத்தின் குறை விளங்கும். மென்பொருளை மட்டும் அகற்றி மீண்டும் நிறுவினால், புரொபைல் கோப்புறை வழக்கமாக இருந்தபடியே இருக்கும். புதிய உலாவி பழைய பழுதையே எடுத்துக்கொண்டு எழும். அக்கோப்புறையையும் சேர்த்து அழித்தாற் பழுது போம்; அதனோடு பல்லாண்டுச் சேகரமும் போம். வேண்டுவது இவ்விரண்டுமன்று. அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொணர்ந்து, உடைமையைத் தொடாது விடுவதே வேண்டற்பாலது. மீளமைத்தல் என்பது இதுவே.

பழுதுக்குப் பெரும்பாலும் காரணமாகும் நீட்சி யாதெனில், உலாவியோடு பின்னர் இணைக்கப்படும் சிறுநிரல் ஆகும். நீட்சிகள் யாவுந் தீயன என்று கொள்ளுதல் தவறு. தமிழர்க்கு அவை ஆற்றிய தொண்டு சிறிதன்று. தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கு வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளை வைத்திருந்த காலத்திலே, உரிய எழுத்துரு இல்லாதவன் கண்ணுக்கு அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டிய ‘பத்மா’ என்னும் பயர்பொக்ஸ் நீட்சி அந்நாளில் ஓர் உதவியாய் இருந்தது. ஆயினும் 2017 நவம்பர் 14இல் வெளிவந்த பயர்பொக்ஸ் 57ஆம் பதிப்பு, பழைய முறையில் அமைந்த நீட்சிகளை ஏற்காதொழிந்தது. அன்று இயங்காமற்போன நீட்சிகளிற் குற்றமொன்றும் இல்லை. நிலம் பெயர்ந்தது, மரம் சாய்ந்தது. நீட்சியின் பழுது எல்லாந் தீங்கெண்ணத்தின் விளைவு அன்று என்பதற்கு இதுவே சான்று.

தீங்கு வேறு வழியாலும் வரும். இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்பிரலிலும் சமூக வலைத்தளங்கள் அரசினால் தடுக்கப்பட்டபோது, பலர் தடையைக் கடத்தற்கு வி.பி.என். வசதிகளை நாடினர். அவசரத்தில் இலவசமாய்க் கிடைத்ததை இணைத்துக்கொள்பவன், அதனை ஆக்கியோன் யார், அது கேட்கும் அனுமதி யாது என்று ஆராய்வதில்லை. தடை நீங்கிய பின்னரும் நீட்சி நீங்குவதில்லை.

நன்கு பயன்பட்ட நீட்சியே கைமாறிக் கெடுதலும் உண்டு. குரோம் உலாவிக்கு அமைந்த ‘த கிரேட் சஸ்பெண்டர்’ என்பது, பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தியது. சிறிய நினைவகங் கொண்ட கணினியினர்க்கு அஃது ஒரு வரம். 2020இல் அதன் பொறுப்பு வேறு கைக்கு மாறியது. 2021 பெப்ரவரியிற் கூகுள் நிறுவனம் அதனைத் தீநிரல் கொண்டதென அறிவித்து இயங்காமற் செய்தது. அப்போது அதனால் உறங்கவைக்கப்பட்டிருந்த தாவல்கள் திடீரென மறைந்தன. மறைந்தனவே யன்றி அழிந்தில. உறங்கிய ஒவ்வொரு தாவலின் முகவரியிலும் மூலப்பக்கத்தின் முகவரி வாலாக ஒட்டியிருந்தது. வரலாற்றுப் பகுதியைத் திறந்து, அவ்வாலை வெட்டியெடுத்து ஒட்டியவர்கள் தம் பக்கங்களை மீளப்பெற்றனர். வரலாற்றை முன்னரே அழித்துத் ‘துப்புரவு’ செய்தவர்க்கு அவ்வழி இல்லாது போயிற்று.

பொறுமையின் பயனை இதனினும் நன்கு விளக்குவது 2019 மே மாதம் 4ஆந் திகதி நிகழ்ந்தது. இலங்கையில் அது சனிக்கிழமைக் காலை. பயர்பொக்ஸ் நீட்சிகளுக்கு மொசில்லா நிறுவனம் மின்முறைக் கையொப்பம் இடுகின்றது. அக்கையொப்பத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களுள் ஒன்று அன்று காலாவதியாயிற்று. புதுப்பித்தல் தவறியமையால் உலகெங்கும் நீட்சிகள் செயலிழந்தன. விளம்பரந் தடுப்பனவும், கடவுச்சொற் காப்பனவும் ஒருங்கே வீழ்ந்தன. பயன்படுத்துவோர் நீட்சியையே ஐயுற்றனர். சிலர் அதனை நீக்கி மீண்டும் இணைக்க முயன்றனர். அவ்வாறு செய்யவேண்டா என்று மொசில்லா எச்சரித்தது. ஏனெனில், செயலிழந்த நீட்சி தன்னுள் வைத்திருந்த தரவோடு அப்படியே கிடக்கும். நீக்கப்பட்ட நீட்சியோடு அதன் தரவும் நீங்கிவிடும். மறுநாள் 66.0.4 என்னும் பதிப்பு வெளிவந்தது. வாளாவிருந்தவர் நீட்சியையுந் தரவையும் ஒருங்கே பெற்றனர். எனவே செயலிழக்கச் செய்தல் வேறு, நீக்குதல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும். பின்வருவன யாவும் இதன்மேலே நிற்பன.

முதலிற் செய்யவேண்டியது பழுது நீட்சியினதோ அன்றோ எனத் தெளிதல். பயர்பொக்ஸில் இதற்கெனப் பழுதறி முறை உண்டு. முன்னர் அதனைப் பாதுகாப்பு முறை என்று வழங்கினர். ஷிப்ற் விசையை அழுத்தியவாறு உலாவியைத் திறந்தால் அதனுட் புகலாம். அங்கே நீட்சிகள் யாவும் தற்காலிகமாய் உறங்கும். குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பார்த்தல் போதும். நாம் அனுமதித்தாலன்றி நீட்சிகள் அங்கே இயங்கா. இம்முறையிற் குறை நீங்கிற்றாயின் குற்றவாளி நீட்சியே எனலாம். பின்னர் நீட்சிகளை ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கச் செய்து பார்த்தால் இன்னதென்பது புலனாகும். வலையில் ஒரு கண்ணி சிக்கினால் மடியையே அறுப்பார் கடற்றொழிலாளருள் ஒருவரும் இலர்.

இதனாலுந் தீராதபோதே மீளமைத்தலை நாடவேண்டும். அதற்கு முன் நூற்குறிகளை ஒரு கோப்பாக வெளியேற்றி வேறிடத்தில் வைத்தல் நன்று. இது சில நிமிட வேலை. பயர்பொக்ஸ் தானாகவே நூற்குறிகளின் நகல்களைத் திகதியிட்டுச் சேமிக்கின்றது என்பதைப் பலர் அறியார். முதன்மையான கணக்குகளின் கடவுச்சொற்களைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைத்தலைப் பழமை என்று சிலர் நகைப்பர்; மின்வெட்டும் வன்தட்டுப் பழுதும் கண்ட வீட்டினர் நகையார்.

பயர்பொக்ஸின் உதவிப் பட்டியில் உள்ள பழுதறி தகவற் பக்கத்தைத் திறந்தால், ‘றிபிரெஷ் பயர்பொக்ஸ்’ என்னும் பொத்தான் காணப்படும். அதனை அழுத்தினால் உலாவி புதியதொரு புரொபைலை ஆக்கி, நூற்குறிகள், வரலாறு, கடவுச்சொற்கள், குக்கிகள், படிவங்களில் நிரப்பிய விவரங்கள் ஆகியவற்றை அதனுள் எடுத்துச் செல்லும். பயனர் தாமாகச் சேர்த்த சொற்களின் அகராதியும் உடன்செல்லும். தமிழில் எழுதுவோர்க்கு இது சிறிய பேறன்று. நீட்சிகளும், தோற்ற வேறுபாடுகளும், தளங்களுக்கு வழங்கிய அனுமதிகளும், மாற்றிய விருப்பங்களுங் கைவிடப்படும். பழைய புரொபைலோ அழிக்கப்படுவதில்லை. ‘ஓல்ட் பயர்பொக்ஸ் டேற்றா’ என்னும் பெயரோடு மேசைத்திரையில் வைக்கப்படும். நீட்சியின் உள்ளே இருந்த குறிப்பு ஏதேனும் பின்னர் வேண்டுமாயின் தேடுமிடம் அதுவே.

குரோமின் முறை சற்று வேறு. அமைப்புகளின் கீழுள்ள மீளமைத்தற் பகுதியில், தொடக்க நிலைக்குத் திருப்பும் வாய்ப்பு உளது. அதனால் முதற்பக்கமும் தேடுதளமும் பழைய நிலை எய்தும். நூற்குறிகளும் வரலாறுங் கடவுச்சொற்களும் இருந்தபடி இருக்கும். நீட்சிகள் நீக்கப்படாது செயலிழக்க மட்டுமே செய்யப்படும். இவ்வகையிற் குரோம் மென்மையானது. ஆனாற் குக்கிகள் அழிக்கப்படும். அதனால் மின்மடல் முதலிய எல்லாத் தளங்களிலும் மீண்டும் உள்நுழைய நேரும். கடவுச்சொல்லை உலாவியினும் சேமியாது, மனத்தினும் இருத்தாது, என்றோ ஒருநாள் உள்நுழைந்த நிலையிலேயே விட்டிருந்தவர் இடர்ப்படுவது இங்கேதான். பலர் புழங்குங் கணினியில் மீளமைக்கும்முன் வீட்டார் ஒவ்வொருவரையும் கேட்டறிதல் இதனாலே கடமையாகின்றது.

மீளமைத்த பின்னரும் பழுது மீண்டால் இரண்டிடங்களை நோக்குக. ஒன்று, ஒத்திசைவு, அதே கணக்கோடு இணைந்த வேறொரு கணினியிலிருந்து பழுதான நீட்சி திரும்ப வந்திருக்கலாம். அங்கும் அதனை நீக்குதல் வேண்டும். மற்றொன்று, உலாவிக்கு வெளியே கணினியில் நிறுவப்பட்டு, உலாவியின் அமைப்பை மறுபடி மறுபடி மாற்றும் மென்பொருள். அதனை இயங்குதளத்தின் மென்பொருட் பட்டியலிற் கண்டு அகற்றல் வேண்டும். உலாவியை எத்துணை முறை மீளமைத்தாலும் அது போகாது.

வேண்டிய நீட்சிகளை மீண்டும் இணைக்குங்கால், நாளொன்றுக்கு ஒன்றாக இணைத்துப் பார்த்தல் தக்கது. குறை மீளுமாயின் எது காரணமென்பது அன்றே தெரியும். மேசைத்திரையிற் கிடக்கும் பழைய கோப்புறையில் வீட்டாரின் கடவுச்சொற்கள் அத்தனையும் உள்ளன என்பதையும் மறத்தலாகாது. சில கிழமைகள் கழித்து, ஒன்றும் விடுபடவில்லை எனத் தேர்ந்தபின் அதனை அழித்துவிடலாம். கணினியைத் திருத்துவதற்கு வெளியே கொடுப்பதாயின் அதற்கு முன்னரே வேறொரு சேமிப்பியில் மாற்றிவிடல் வேண்டும்.