வயிறு நிறைந்தால் போதுமா? பாணும் பிட்டும் தராத லைசின்

ஒவ்வொரு மே மாதமும் நாம் காய்ச்சிப் பகிரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்ததுதான். அன்று பலரின் உயிரைப் பிடித்து வைத்தது அது. ஆனால் உயிரைத் தக்கவைக்கும் உணவு வேறு, உடலைத் தேற்றும் உணவு வேறு.

போர் முடிந்த பின்னரும், விலைவாசி ஏறும்போதெல்லாம் எமது வீடுகளில் முதலில் குறைவது கறிதான். காலையில் பாணும் சம்பலும், மதியம் சோறும் ஒரு மரக்கறியும், இரவில் கோதுமை மாப் பிட்டு. வயிறு நிறைந்துவிடுகின்றது. ஆனால் உடலுக்குத் தேவையான ஒன்று அதில் போதாமல் இருக்கின்றது. அதன் பெயர் லைசின்.

நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகின்றது. தசை, தோல், நோய் எதிர்ப்புப் பொருட்கள் எல்லாவற்றையும் உடல் இவற்றைக் கொண்டே கட்டுகின்றது. இவற்றுள் ஒன்பதை உடலால் தானாக உருவாக்க முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். வீடு கட்டக் கல்லும் மணலும் குவிந்து கிடந்தாலும், சீமெந்து முடிந்த இடத்தில் வேலை நின்றுவிடும் அல்லவா? தானிய உணவில் முதலில் முடிந்துபோகும் சீமெந்து லைசின்தான்.

வளர்ந்தவர் ஒருவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் லைசின் போதும் என்றே 1985இல் உலக சுகாதார நிறுவனமும் ஏனைய ஐ.நா. அமைப்புகளும் கணித்திருந்தன. 2007இல் வெளியான அறிக்கையில் அது 30 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. தானிய உணவையே பெரிதும் உண்ணும் இந்தியர்களிடம் பெங்களூரில் நடத்தப்பட்ட ஆய்வுகளும் இந்த மாற்றத்திற்குத் துணைநின்றன.

50 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 41 கிராம் புரதமும் 1500 மில்லிகிராம் லைசினும் வேண்டும். அவர் 400 கிராம் கோதுமை மாவை மட்டும் உண்டால் ஏறத்தாழ 40 கிராம் புரதம் கிடைக்கும். கணக்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் லைசின் சுமார் 1000 மில்லிகிராம்தான். அரிசிப் புரதம் கோதுமையைவிடத் தரமானது. எனினும் அரிசியில் புரதத்தின் அளவு குறைவு என்பதால், 400 கிராம் அரிசியும் ஏறத்தாழ அதே அளவு லைசினையே தரும்.

இந்தக் குறையை நிரப்ப விலை உயர்ந்த புரத மாக்கள் தேவையில்லை. 50 கிராம் பருப்பு, அதாவது ஒரு பெரிய கைப்பிடி, சுமார் 800 மில்லிகிராம் லைசின் தரும். பயறு, கௌபி, கடலை, உழுந்து எதுவாயினும் நன்று. மாறாக, பருப்பு வகைகளில் குறைவாக உள்ள மெதியோனின் என்ற அமினோ அமிலம் தானியத்தில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கின்றது. இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் சேர்ந்தாலே போதும்.

மைசூர்ப் பருப்பு இறக்குமதியாவது; டொலர் ஏறினால் அதன் விலையும் ஏறும். ஆனால் உழுந்தும் பயறும் கௌபியும் வன்னி மண்ணிலேயே விளைகின்றன. பிட்டு மாவில் உழுத்தம்மா கலப்பதும், காலையில் அவித்த பயறு உண்பதும் எமது பழைய வழக்கங்களே. மீன் உண்பவர்களுக்கு 25 கிராம் நெத்தலிக் கருவாடே 1000 மில்லிகிராமுக்கு மேல் லைசின் தரும். உப்பு மிகுதி என்பதால், குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்கள், அதை ஊறவைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும்.

ஆறாத காயமோ படுக்கைப் புண்ணோ உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் புரதத் தேவை இதைவிட அதிகம். குடற்புழு உள்ளவர்களுக்கும் லைசின் தேவை கூடுகின்றது; புழு மருந்து எடுப்பதும் ஊட்டம்தான். சிறுநீரக நோயாளர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பல வீடுகளில் எல்லோரும் உண்ட பின்னரே தாய் உண்கிறாள். அப்போது சோறு மிஞ்சியிருக்கும். பருப்புச் சட்டி காலியாக இருக்கும். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் நிறைந்த எமது மண்ணில், அவளின் பங்குப் பருப்பை முதலிலேயே எடுத்து வைப்பது செலவில்லாத மருந்து.