வரப்பில் எலி இருக்கும்வரை பாம்பும் வரும்

நெல் கதிர் முற்றும்போது கதிரைத் தேடி எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். அதே சமயத்தில்தான் அறுவடை ஆட்களும் வயலில் இறங்குகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொன்றாலும் இந்த எண்ணிக்கை குறையாது. எலி இருக்கும்வரை அடுத்த பாம்பு வந்துகொண்டுதான் இருக்கும். பாம்பும் மனிதரும் எதிர்ப்படும் இடங்களைக் குறைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

நான்கு பாம்புகள்

நம் பகுதியில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். வயலில் அதிகம் காணப்படும் சாரைக்கு விஷம் கிடையாது. சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண் என்று சொல்வது தவறு. இரண்டும் வேறு வேறு இனம். எலியைத் தின்று வாழும் சாரையைக் கொல்வது, சம்பளம் வாங்காத காவல்காரனைக் கொல்வதற்குச் சமம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட.

வயலில்

வரப்பு அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் எலி வளை தோண்ட வசதி. வரப்பைச் சிறிதாக்கி, புல் மண்டாமல் செதுக்கி வைக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் வளைகளை வெட்டி எலிகளைப் பிடிக்கலாம். வளைக்குள் பாம்பும் இருக்கக்கூடும் என்பதால் கையை விடக்கூடாது. பயிர்க் காலத்தில் தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம். ஆந்தை உட்கார உயரமான குச்சிகளை நட்டால், இரவில் அதுவும் எலி பிடிக்கும்.

மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போட இருட்டில் போக வேண்டியிருக்கிறது. கண்ணாடி விரியன் ஆள் வந்தாலும் பெரும்பாலும் நகராமல் சுருண்டு கிடக்கும். ஆகவே டார்ச் விளக்கும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் அவசியம். கரும்புச் சோகை, கடலைக் கொடி, தென்னை மட்டைக் குவியல்களில் நேராகக் கை வைக்காமல், முதலில் நீளமான கம்பால் கிளற வேண்டும்.

வீட்டில்

விறகு அடுக்கு, வைக்கோல் போர், கோழிக்கூடு மூன்றும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளியிருக்கட்டும். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டி அள்ளிவிட்டால் எலி தங்காது. சிறியாநங்கை வளர்த்தாலோ, பூண்டு, பினாயில் தெளித்தாலோ பாம்பு வராது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. அதற்கு ஆதாரம் இல்லை.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல நேரங்களில் வலியும் இருக்காது, பல் பதிந்த தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டையில் விழுங்க முடியாமை, இமை தானாக மூடுவது என்று தொடங்கும். 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சோடா கொடுத்துக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் மூச்சே நின்றுவிடலாம். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை இறங்கினால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் நல்ல பாதுகாப்பு.

கடித்துவிட்டால்

கயிறு, துண்டு, சேலைக் கிழிசல் எதனாலும் இறுக்கிக் கட்டக்கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசை உடனே கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போகலாம். கடிபட்டவர் நடக்கவோ ஓடவோ கூடாது.

பாம்பைத் தேடிப் பிடிக்கவும் தேவையில்லை. அந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருகிறது. விஷம் எடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இந்த மருந்து இலவசம். மந்திரிப்பதிலும் பச்சிலை அரைப்பதிலும் போகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரை அபாயத்துக்குக் கொண்டு போகும். கண்ணாடி விரியன் கடியில் தாமதம் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தள்ளி நின்று கண்காணித்தபடி தீயணைப்புத் துறையை 101-ல் அழைக்கலாம். அருகில் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் மருத்துவர் இருப்பார், விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா என்பதை இன்றே கேட்டு, அந்தத் தொலைபேசி எண்ணை மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.