கற்பிப்போர் கற்கும் களம்: பல்கலைக்கழகங்கள் கூடி அமைக்கும் இணையவழிப் பயிற்சி

பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்ல வருபவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவராயிருக்கவேண்டும் என்பது விதி. கல்லூரியில் பட்ட வகுப்புக்குப் பாடம் சொல்ல வருபவரிடம் அத்தகைய பயிற்சியை எவரும் கேட்பதில்லை. தம் பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, தகுதித் தேர்வில் தேறியோ முனைவர் பட்டம் பெற்றோ வந்தால் போதுமானது. பாடத்தை அறிந்தவருக்கு அதைக் கற்பிக்கவும் தெரியும் என்னும் நம்பிக்கை நம் உயர்கல்வியின் அடித்தளத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இறையியல் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. எபிரேயம் கற்பிப்பவர் எபிரேயம் அறிந்தவரா என்று பார்க்கிறோம். வகுப்பில் எவ்விடத்தில் நிறுத்தி வினவவேண்டும், எவ்விடத்தில் மாணவரைப் பேசவிட வேண்டும் என்பதை அவருக்கு எவர் கற்பித்தார் என்று நாம் கேட்பதில்லை.

இக்குறையை நீக்குவதற்கு இந்நாட்டில் இரண்டு வழிகள் தோன்றியுள்ளன. ஒன்று பழைய வழி. ஆசிரியரை ஓரிடத்திற்கு வரவழைப்பது. மற்றது புதிய வழி; பல உயர்கல்வி நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பாடநெறிகளை ஆயத்தம் செய்து, விரும்பும் எவரும் சேர்ந்து பயிலுமாறு இணையத்தில் திறந்து வைப்பது. இவ்விரண்டாவது வழி எவ்வாறு செயற்படுகிறது, எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் பணிபுரியும் ஓர் ஆசிரியரின் நிலையிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்டுக் காவிரி வரை விரியும் இச்சமவெளி, நெசவுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் லாரித் தொழிலுக்கும் பெயர்பெற்றது. 1997-ஆம் ஆண்டு சனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன்பின் இப்பகுதியில் கல்லூரிகள் பெருகின. சேலத்திலும் நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் அரசு கலைக்கல்லூரிகள் உள்ளன. திருச்செங்கோடு போன்ற ஊர்களைச் சுற்றிச் சுயநிதிக் கல்லூரிகள் பல எழுந்துள்ளன. வகுப்பறையில் அமர்ந்திருப்போருள் கணிசமானோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். தறியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் வரும் அம்மாணவருக்கு, ஆசிரியர் கற்பிக்கும் முறையே வாழ்வின் வாயிலாகவோ அடைத்த கதவாகவோ அமைந்துவிடுகிறது. பாடம் விளங்காவிட்டால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆளில்லை.

பழைய வழியை முதலில் நோக்குவோம். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. 2015-இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்களில் இவை நடைபெற்றன. புதிதாகப் பணியேற்றவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், பணியிலிருப்போருக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியும் அளிப்பது வழக்கமாயிருந்தது. அவை பயனற்றவை என்று எவரும் சொல்லார். வேறுவேறு ஊர்களிலிருந்து வந்தோர் ஒரே விடுதியில் தங்கி, இரவு உணவுக்குப்பின் தங்கள் வகுப்புகளைப்பற்றிப் பேசிக்கொண்டதே அப்பயிற்சியின் சிறந்த பகுதி என்று மூத்த பேராசிரியர் பலர் நினைவுகூர்வதுண்டு.

ஆயின், அங்கே எவர் போக முடிந்தது? இராசிபுரத்திலிருந்து கோவைக்கோ திருச்சிக்கோ சென்று மூன்று வாரம் தங்குவதற்கு, சம்பளத்தோடு விடுப்பளிக்கும் நிருவாகம் வேண்டும். வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அரசு கல்லூரியின் நிரந்தர ஆசிரியருக்கு இது இயன்றது. அவருக்குப் பதவி உயர்வுக்கும் அது தேவைப்பட்டது. கௌரவ விரிவுரையாளருக்கும் சுயநிதிக் கல்லூரியில் குறைந்த ஊதியத்தில் பணிபுரியும் ஆசிரியைக்கும் அது எட்டாக் கனி. அதிகமான மாணவரைச் சந்திப்பவரோ இவ்விரண்டாம் வகையினர். பயிற்சி மிகவும் தேவைப்பட்டவருக்கே அது மிகவும் தொலைவிலிருந்தது என்பதே பழைய வழியின் குறை.

புதிய வழி படிப்படியாக உருவாயிற்று. 2003-இல் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டன. 2009 முதல் மும்பைத் தொழில்நுட்பக் கழகம், பின்னர் கரக்பூரையும் துணையாகக் கொண்டு, பொறியியல் ஆசிரியர்களைப் பெருந்தொகையாகப் பயிற்றுவிக்க முற்பட்டது. 2017 சூலையில் ஸ்வயம் என்னும் தேசிய இணையத் தளம் நிறுவப்பெற்றது. 2018-இல் அத்தளத்தின்வழியே ‘அர்ப்பித்’ என்னும் ஆண்டுப் புத்தொளிப் பயிற்சி அறிவிக்கப்பட்டது. அதற்கென 75 நிறுவனங்கள் தேசிய வள மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனக்குரிய துறையில் 40 மணிநேரப் பாடநெறியொன்றை ஆயத்தம் செய்தது. அதில் 20 மணிநேரம் காணொளி, எஞ்சிய 20 மணிநேரம் வாசிப்பும் பயிற்சியும். இறுதித் தேர்வில் தேறியவருக்கு அது ஒரு புத்தொளிப் பயிற்சிக்குச் சமமாக ஏற்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-ஆம் நாள் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, பழைய மையங்களும் புதியனவுமாக 111 மையங்கள் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. கொள்கையளவில், ஓர் ஊரின் ஆசிரியர் மற்றோர் ஊரின் பல்கலைக்கழகத்திடம் வீட்டிலிருந்தே பயிலும் நிலை வந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். காணொளியில் ஒருவர் பேசுவதைக் கேட்டு ஒருவர் நல்லாசிரியராக இயலுமா? நீண்ட விரிவுரை மாணவரைத் தூங்கச் செய்கிறது என்று கற்பிக்கும் பயிற்சியே நீண்ட விரிவுரையாக இருக்குமாயின், அது தன்னைத்தானே மறுப்பதாகும். மும்பைத் தொழில்நுட்பக் கழகத்தின் கல்வித் தொழில்நுட்பத் துறையினர் இதை உணர்ந்தே, ஆசிரியர்களுக்கென நடத்திய பாடநெறிகளில் ‘கற்போர் மைய’ அமைப்பொன்றை வகுத்தனர். அதில் நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது கற்றல் உரையாடல். காணொளி குறுகியதாக இருக்கும், நடுவே ஓரிடத்தில் நிறுத்தி, கற்பவர் தாமே விடையை எண்ணி எழுதுமாறு கேட்கும், அதன்பின்னரே தொடரும். இரண்டாவது செய்து கற்றல். பயிற்சி வினாவுக்கு விடையளித்தவுடன், அவ்விடை எதனால் சரி, எதனால் தவறு என்ற விளக்கம் கிடைக்கும். மூன்றாவது விரிவுப் பாதை. அடிப்படை தெரிந்தவர் மேலே செல்லவும், தெரியாதவர் பின்னோக்கிச் சென்று நிரப்பிக்கொள்ளவும் தனித்தனி வாசிப்புகள் உண்டு. நான்காவது, கற்போர் தம்முள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் கலந்துரையாடல்.

இது வகுப்பறையில் எவ்வாறு பலனளிக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். இராசிபுரத்தில் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியையை மனத்தில் கொள்வோம். பாடம், இரயத்துவாரி நிலவரி முறை. இது தொலைநாட்டுச் செய்தியன்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இம்மண்ணிலேதான் அம்முறையைச் சோதித்துப் பார்த்தனர். பயிற்சி பெறாத நாட்களில் அவ்வாசிரியை அதன் இலக்கணத்தையும் நன்மை தீமைகளையும் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்திருப்பார். இப்பொழுது அவர் நடுவில் நிறுத்துகிறார். “வரியை ஊருக்கு ஒட்டுமொத்தமாக விதித்து ஊர்த்தலைவரிடம் வாங்குவதா, ஒவ்வோர் உழவரிடமும் நேராக வாங்குவதா? நீங்கள் அதிகாரியாயிருந்தால் எதைத் தேர்வீர்கள்?” என்று கேட்கிறார். இரண்டு நிமிடம் ஒவ்வொருவரும் தனியே எண்ணவேண்டும். பின்பு அருகிலிருப்பவரோடு பேசவேண்டும். அதன்பின் வகுப்பு முழுவதற்கும் சொல்லவேண்டும். முதல் வரிசையில் அமராத, ஆங்கிலத்தில் வாய்திறக்க அஞ்சுகின்ற மாணவி, தன் தாத்தா கிஸ்தி கட்டிய கதையைத் தமிழில் பக்கத்திலிருப்பவளிடம் சொல்கிறாள். அன்று அவள் பாடத்திற்குள் வந்துவிட்டாள். எண்ணி, இணைந்து, பகிரும் இவ்வெளிய முறையும் அப்பாடநெறிகளில் கற்பிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரிகளின் புதிய ஆசிரியர்களுக்கு இன்னொரு கூட்டு முயற்சி உண்டு. சென்னை, கொல்கத்தா, போபால், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களிலுள்ள தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் எட்டுப் பாடப் பகுதிகளை இணையத்தில் அளிக்கின்றன. கற்பித்தலைத் திட்டமிடுதல், மாணவரை மதிப்பிடுதல், தொழில்சார் ஒழுக்கம் முதலியன அவற்றுள் அடங்கும். எட்டையும் முடித்தபின் வழிகாட்டி ஒருவரின்கீழ்ப் பயிற்சியும் தொழிலகப் பயிற்சியும் வேண்டும் என்று வகுத்திருப்பது குறிப்பிடத்தக்கது. காணொளி மட்டும் போதாது என்பதை அதனை வகுத்தவர்களே ஒப்புக்கொண்டதாக இதனை நான் கொள்கிறேன்.

குறைகளைச் சொல்லாது விடலாகாது. 2018-ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள், சான்றிதழோடு முடித்த இணையவழிப் பாடநெறியைப் பதவி உயர்வுக்குரிய தகுதிகளுள் ஒன்றாக ஏற்றன. இதனால் பலர் கற்கத் தொடங்கினர். சான்றிதழ் ஒன்றையே நாடி வந்தவரும் இருந்தனர். 2020-இல் கொள்ளைநோயால் கல்லூரிகள் மூடப்பட்ட மாதங்களில், பத்து வினாக்களுக்கு விடை குறித்தால் மின்னஞ்சலில் சான்றிதழ் அனுப்பும் கூட்டங்கள் பெருகின. ஒரே வாரத்தில் ஐந்தாறு சான்றிதழ் சேர்த்தவர்களை நம்மில் பலர் அறிவோம். அவர்களை நகைப்பதைக்காட்டிலும், அவ்வாறு சேர்க்கும்படி அவர்களை நெருக்கிய நிருவாகங்களைப்பற்றி எண்ணுவதே தகும். மேலும், திறந்த இணையப் பாடநெறிகளில் சேருவோரில் முடிப்போர் சிறுபான்மையினரே என்பது உலகெங்கும் கண்ட உண்மை. சேருவதற்குக் கட்டணமில்லை, ஆயினும் நேரத்தை எவரும் இலவசமாகத் தருவதில்லை. வாரத்தில் ஆறு நாளும் வகுப்பெடுத்து, மாலையில் விடைத்தாள் திருத்தி, சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகச் சென்று மாணவரைத் திரட்டும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், இரவு பத்து மணிக்குமேல் கணினி முன் அமர்ந்து எத்தனை நாள் கற்பார்?

மொழியும் ஒரு தடை. பாடநெறிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன, சில இந்தியில். என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் வெளிவந்துள்ளது. மும்பைக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ கணினிப் பாடங்களுக்கும் தமிழ்க் குரல் உண்டு. கற்பிக்கும் கலையைப்பற்றித் தமிழில் எண்ணவும் விவாதிக்கவும் இவை போதா. தமிழ் வழியில் பயிலும் மாணவருக்குக் கற்பிப்பவர், அதற்கான பயிற்சியை மட்டும் ஆங்கிலத்தில் பெறுவது முரண்பாடாகும்.

இக்குறைகளுக்கு மருந்து இணையத்திற்கு வெளியே இருக்கிறது என்பது என் துணிபு. மும்பைக் கழகம் தொடக்கத்தில் செய்ததைப் பாருங்கள். நாடெங்கும் கல்லூரிகளைத் தொலைமையங்களாகத் தெரிந்து, அவற்றின் பொறுப்பாளர்களை முதலில் மும்பைக்கு அழைத்துப் பயிற்றுவித்தனர். பின்பு, அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஏ-வியூ’ என்னும் மென்பொருளின்வழியே விரிவுரை எல்லா மையங்களுக்கும் ஒரே நேரத்தில் சென்றது. செய்முறைப் பயிற்சியை அந்தந்த ஊரின் பொறுப்பாளர் நேரில் நடத்தினார். ஆசிரியர் தனியராயில்லை; அருகில் உடன்கற்போர் இருந்தனர். ஐரோப்பாவிலும் இத்தகைய அனுபவமே கிடைத்தது. 2013-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகமும் கூடிப் பல்கலைக்கழக ஆசிரியருக்கென ஒரு திறந்த பாடநெறியை நடத்தின. வேறுவேறு நிறுவனத்தார் கலந்த சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு துணையாளரோடு ஒரு சிக்கலை எடுத்து ஆராய்வதே அதன் உயிர்நாடியாயிருந்தது.

இம்மலரின் வாசகருக்கு இது புதியதன்று. 1963-இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, சபைப் பணியை விட்டு வரவியலாத ஊழியரைத் தேடித் தானே சென்றபோது தோன்றிய விரிவாக்க இறையியல் கல்வி, 1971-இல் பெங்களூரில் ‘தாஃப்டி’ அமைப்பாக இந்தியாவில் வேரூன்றியது. வீட்டில் தானே கற்பது, களத்தில் பணி செய்வது, வாரந்தோறும் ஒரு குழுவில் கூடி இரண்டையும் பொருத்திப் பார்ப்பது ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். மூன்றாவது இல்லாத இடத்தில் முதலாவது நூலடுக்கில் தூசி படிந்துவிடும் என்பதை அத்துறையில் உழைத்தோர் அறிவர். இணையம் முதலாவதை மட்டுமே எளிதாக்கியிருக்கிறது. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நாம் பயின்ற மூன்றாவதைப் பல்கலைக்கழகங்கள் இப்போதுதான் தேடத் தொடங்கியுள்ளன. இவ்விடத்தில் நாம் அவர்களுக்குக் கொடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு.

பெறக்கூடியதும் உண்டு. செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள், மதிப்பிடுதலையும் வினாத்தொடுத்தலையும்பற்றிய பாடங்களை ஸ்வயம் தளத்தில் இன்றே இலவசமாகப் பயிலலாம். தேர்வும் சான்றிதழும் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். அவற்றைத் தனித்தனியே பயிலாமல், அருகிலுள்ள கலைக்கல்லூரி ஆசிரியர்களோடு சேர்ந்து பயில்வது நலம். இராசிபுரம் சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குட்பட்டது. நாமக்கல் ஐம்பதுக்குச் சற்று மேல். மாதம் இருமுறை சனிக்கிழமை பிற்பகலில், ஏதேனும் ஒரு கல்லூரியின் வகுப்பறையில் ஏழெட்டுப் பேர் கூடி, அவ்விரு வாரத்தில் கண்ட காணொளியைப்பற்றியும், அதைத் தம் வகுப்பில் செய்து பார்த்தபோது நடந்ததைப்பற்றியும் தமிழில் பேசுவது செய்யக்கூடியதே. எபிரேய வினையடிகளைக் கற்பிப்பவரும் இயற்பியல் கற்பிப்பவரும் ஒரே மேசையில் அமரலாம். மாணவர் எங்கே தடுக்கிவிழுகிறார் என்ற கேள்வி இருவருக்கும் பொதுவானது. விடுப்பு வேண்டுவதில்லை, விடுதியும் வேண்டுவதில்லை. கௌரவ விரிவுரையாளரின் பேருந்துக் கட்டணத்தை எவர் ஏற்பது என்பது மட்டும் முதற்கூட்டத்திலேயே பேசித் தீர்க்கவேண்டியதாயிருக்கும்.