இலண்டனுக்கு வெளியே பரிஸ்தர் மனைகள்

அப்புக்காத்தென்றும் பிரக்கிராசியென்றும் இரு வகுப்பார் நம் நீதிமன்றங்களில் விளங்கியதை எமது கல்லூரியின் மூத்த பழைய மாணவர் நன்கறிவர். கட்சிக்காரன் முதலிற் காண்பது பிரக்கிராசியை; அவர் வழக்கை ஆயத்தஞ்செய்து அப்புக்காத்திடம் ஒப்புவிப்பார். 1973ஆம் ஆண்டின் நீதிநிருவாகச் சட்டத்தால் இவ்விரு வகுப்பும் ஒன்றாகி, 1974 முதல் யாவரும் சட்டத்தரணிகளாயினர். இதனையொத்த வேற்றுமை இங்கிலாந்தில் இன்றும் நிலவுகின்றது. ஆங்கே சொலிசிற்றர் வேறு, பரிஸ்தர் வேறு.

பரிஸ்தராக விரும்புவோர் இலண்டனிலுள்ள நான்கு சட்டச் சங்கங்களுள் ஒன்றினாலேயே அப்பதவிக்கு அழைக்கப்படல் வேண்டும். ஆயினும் தொழில் நடாத்துவது இலண்டனிலேதான் என்ற நியதியில்லை. மன்செஸ்ரர், லீட்ஸ், லிவர்ப்பூல், பிரிஸ்ரல் முதலிய நகரங்களிலும் 'சேம்பர்ஸ்' எனப்படும் பரிஸ்தர் மனைகள் உள. இவற்றை வியாபாரக் கூட்டுத்தாபனமென நினைத்தல் தவறு. ஒரு மனையிலுள்ள பரிஸ்தர்மார் இலாபத்தைப் பங்கிடும் பங்காளரல்லர். வாடகையையும் கிளாக்கர்மாரின் செலவையும் பகிர்ந்துகொள்வரேயன்றி, ஒவ்வொருவரும் தத்தம் தொழிலுக்குத் தாமே பொறுப்பாளர். ஆதலின் ஒரே மனையைச் சேர்ந்த இருவர் ஒரே வழக்கில் எதிரெதிராகத் தோன்றுதலும் உண்டு. நம்மவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். அவர்க்கோ அன்றாட நிகழ்ச்சி.

மனையின் உயிர்நாடி கிளாக்கரே. எவ்வழக்கு எவரிடம் செல்வது, கட்டணம் யாது, எந்நாளில் எந்நீதிமன்றம் என்பவற்றையெல்லாம் ஒழுங்குசெய்பவர் அவர். முற்காலத்திற் கட்டணம் 21 சிலிங் கொண்ட கினியிற் கணிக்கப்பட்டது. அதிற் பவுண் பரிஸ்தருக்கு, எஞ்சிய ஒரு சிலிங் கிளாக்கருக்கு என்பர். இளம் பரிஸ்தரின் வாழ்வும் தாழ்வும் அவர் கையிலே தங்கியிருந்ததில் வியப்பில்லை.

நீதிமன்றில் வாதாடுதலொடு, சட்ட அபிப்பிராயம் எழுதுதலும் வழக்குரைகளை வரைதலும் இம்மனையாரின் பணிகளாம். 2004 முதல், விதிக்கப்பட்ட சில எல்லைகளுக்குட்பட்டு, பொதுமக்கள் சொலிசிற்றரின்றி நேரே பரிஸ்தரை அணுகவும் இடமுண்டு.

நீதிபதிகள் ஊரூராகச் சென்று நியாயம் விசாரித்த அசைஸ் மன்றங்கள் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் கிரவுண் நீதிமன்றம் அவ்விடத்தைப் பெற்றது. நீதிபதிகளைப் பின்தொடர்ந்த பரிஸ்தர்மாரின் 'சேர்க்கிற்' என்னும் வட்டார அமைப்போ அழியவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் இன்று அத்தகைய வட்டாரங்கள் ஆறு. லிவர்ப்பூலில் 1914இற் பிறந்த றோஸ் ஹெயில்பிரன் அம்மையார் வட வட்டாரத்திலே தொழில்புரிந்து, 1949இல் அரச வழக்கறிஞர் பதவி பெற்ற முதலிரு பெண்மணிகளுள் ஒருவரானார். 1956இற் பேண்லி நகரின் றெக்கோடர் என்னும் நீதிப்பதவியும் ஏற்றார்.

இத்தொழிலில் நாம் பெரிதும் மதிப்பது வாடகைவண்டி விதியையே. தரிப்பில் நிற்கும் வண்டிக்காரன் வந்தவரை ஏற்றுவதுபோல, தமக்குரிய துறையில் உரிய கட்டணத்தோடு வரும் வழக்கை, நேரம் இருக்குமாயின், பரிஸ்தர் மறுத்தலாகாது. 1792இற் தோமஸ் பெயினுக்காக வாதாடிய ஏர்ஸ்கின், அதன்பொருட்டு வேல்சு இளவரசரின் சட்டத்துறைத் தலைவர் பதவியை இழந்தார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறு நகரிலே, ஊரே வெறுக்கும் எதிரியொருவனுக்காக எழுந்து பேசுபவர் யார்? அவனுக்காகப் பேசுபவரை அவனுடைய நண்பரென ஊர் பழிக்காதிருப்பதற்கு இவ்விதியே அரண். இரு வகுப்பாரையும் அமர்த்துதல் செலவு மிக்கதென்ற குறை நியாயமானதே. எனினும் இவ்வொரு பயனை எண்ணுங்கால் அச்செலவு பெரிதன்று என்பது எம் கருத்து.

ஆனால் வறியவன் செலவை யார் ஏற்பது? 1949ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் அதற்கு வழிவகுத்தது; 2012ஆம் ஆண்டுச் சட்டமோ அவ்வுதவியைப் பெரிதுங் குறைத்தது. குற்றவழக்குகளுக்கு அரசாங்கம் அளித்த கட்டணம் போதாதென்று 2022இற் பரிஸ்தர்மார் வேலைநிறுத்தஞ் செய்தனர். நூற்றுக்குப் 15 வீத உயர்வு வழங்க அரசாங்கம் முன்வந்தபின், ஒக்ரோபரில் அங்கியணிந்து மன்றுக்கு மீண்டனர். தேங்கிய வழக்குகளோ அவர்களுக்காகக் காத்துக்கிடந்தன.