லினக்ஸும் அச்சுப்பொறியும்

தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் நம் கட்டுரை உருக்குலைகிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் பயிலும் நாம், நம் லினக்ஸ் கணினியிலிருந்தே அதை அச்சிடலாம். நான் கையாளும் முறையைக் கூறுகிறேன்.

1999இல் மைக்கேல் சுவீட் வெளியிட்ட ‘கப்ஸ்’ என்னும் மென்பொருளே இதற்குத் துணை. முதலில் அச்சுப்பொறியின் ஐ.பி. முகவரியை அதன் திரையில் கண்டு குறித்துக்கொள்க. பின்னர் உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:631’ பக்கத்தைத் திறந்து, நிர்வாகப் பகுதியில் பொறியைச் சேர்க்க. ஐ.பி.பி. நெறிமுறையைத் தேர்ந்து, முகவரியையும் அதன்பின் ‘/ஐபிபி/பிரிண்ட்’ என்பதையும் ஆங்கில எழுத்தில் இடுக. வகையில் ‘ஐ.பி.பி. எவ்ரிவேர்’ என்று குறித்தால், இக்காலப் பொறிகள் பலவற்றுக்குத் தனி இயக்கி வேண்டுவதில்லை.

மின்சாரம் போய் வந்தால் முகவரி மாறக்கூடும். மாறினால் பொறி ஊமையாகும். ஆகவே ரூட்டரில் அதை நிலைப்படுத்துக. எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பையே அனுப்புக. தெலுங்கு நாட்டிலும் நம் தமிழ் சிதையாமல் அச்சேறட்டும்!