பிறநாட்டு ஒலிபரப்பைச் செவிமடுக்கும் நிலையங்கள்

ஒரு நாட்டு வானொலி வெளிப்படையாகப் பரப்பும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் பிறிதொரு நாட்டினர் முறையாகக் கேட்டு, எழுதி, மொழிபெயர்த்துத் தம் அரசாங்கத்துக்கும் செய்தித்துறைக்கும் அளிப்பதுண்டு. இதற்கென அமைந்தவையே ஒலிபரப்புக் கண்காணிப்பு நிலையங்கள். மறைமொழியை உடைத்தல் இவற்றின் வேலையன்று. எவரும் கேட்கக்கூடியதை இடைவிடாது, பிழையின்றிக் கேட்பதே இவற்றின் வேலை. நம் நாட்டில் 1952-இல் நிறுவப்பட்ட கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பு அலைவரிசைகளின் ஒழுங்கைக் காப்பது. பேச்சின் பொருளை ஆராயும் இந்நிலையங்களின் பணி அதனின் வேறானது.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1939-இல் ஈவ்ஷாம் நகரை அடுத்த உட் நார்ட்டன் மாளிகையில் இத்தகைய நிலையத்தைத் தொடங்கி, 1943-இல் ரெடிங் நகரை அடுத்த காவர்ஷாம் பூங்காவுக்கு மாற்றியது. அமெரிக்காவில் 1941-இல் தொடங்கிய கண்காணிப்புப் பணி, போருக்குப் பின் மத்திய உளவுத்துறையின் நிர்வாகத்தில் அமைந்து, அயல்நாட்டு ஒலிபரப்புத் தகவல் பணியகம் என்னும் பெயரால் பல கடல்கடந்த நிலையங்களை நடத்தியது.

கடல் கடப்பது ஏன்?

சிற்றலைகள் வானிலுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தரையை அடைகின்றன. ஆயினும் உள்நாட்டு மக்களுக்கென ஒலிபரப்பப்பட்டவை அந்நாளில் பெரும்பாலும் மத்திய அலைகளில் சென்றன. பகற்பொழுதில் இவை தரையை ஒட்டியே பரவிச் சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். அயலார்க்குச் சொல்வதும் தன் மக்களுக்குச் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதலின் இரண்டையும் ஒப்பிட விரும்புவோர் அந்நாட்டின் அருகே செல்லுதல் இன்றியமையாததாகிறது.

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவது. எனவே மத்திய அலைகள் வறண்ட நிலத்தின் மேல் செல்வதைவிடக் கடலின் மேல் நெடுந்தொலைவு செல்லும். சைப்ரஸ் தீவில் நிலையம் அமைந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும். கீழைமத்தியதரைக் கரையின் அரபு நாட்டு ஒலிபரப்புகள் அங்கே கடல்வழியாக வந்து சேர்கின்றன. இத்தகைய இடத்துக்குரிய இடர்ப்பாடும் உண்டு. 1974 ஜூலையில் துருக்கியப் படைகள் அத்தீவின் வடகரையில் இறங்கியபோது, கைரீனியாவை அடுத்து இயங்கிய அமெரிக்க நிலையத்தைக் கைவிட்டு ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. ஒலிபரப்புக்கு அருகே செல்லுதல் அதன் பூசலுக்கும் அருகே செல்லுதலாகும்.

ஊழியர் தொகையும் தகுதியும்

ஒரே ஒரு கேட்பு மேசையில் இரவும் பகலும் ஆள் இருத்தல் வேண்டும் எனக் கொள்வோம். வாரத்துக்கு 168 மணி. ஒருவர் 40 மணி வேலை செய்வாராயின் நால்வர்க்கு மேல் தேவை. விடுமுறையும் நோயும் கருதினால் ஐவர். மொழிகள் பலவாயின் இத்தொகை பெருகும். கேட்பதைவிடக் கேட்டதை எழுதவும் மொழிபெயர்க்கவும் பன்மடங்கு காலம் ஆகும். இவர்களுடன், புதிதாகத் தோன்றும் ஒலிபரப்புகளையும் மாறிவிட்ட நேரங்களையும் தேடிக் குறிப்பவர், எதை முழுமையாக அனுப்புவது, எதைச் சுருக்குவது என முடிவு செய்யும் பதிப்பாசிரியர், டெலிபிரிண்டர் இயக்குவோர், பொறியாளர் ஆகியோரும் அந்நாளில் தேவைப்பட்டனர்.

கேட்பாளர்க்கு மொழியறிவு மட்டும் போதாது. வட்டார வழக்கு, ஊர்ப்பெயர், ஆட்பெயர், பதவிப்பெயர், பழமொழி ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். அதனால் அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டோரைப் பணிக்கு அமர்த்துதல் வழக்கமாயிற்று. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் நிலையத்தில் பணிபுரிந்தோருள் பலர் ஐரோப்பிய அகதிகள். பின்னாளில் கலைவரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் கோம்பிரிக் அவர்களுள் ஒருவர். 1945 மே மாதத் தொடக்கத்தில் ஜெர்மானிய வானொலி புரூக்னரின் ஏழாம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை ஒலிபரப்பியது. அது வாக்னரின் மறைவை ஒட்டி இயற்றப்பட்டது என்பதை அறிந்திருந்த அவர், ஹிட்லர் இறந்த செய்தியே வரப்போகிறது என ஊகித்தார்; ஊகம் மெய்யாயிற்று. செவியின் பின்னே கல்வி நின்றதற்கு இது சான்று.

கருவிகளின் பராமரிப்பு

நிலையத்தின் ஏரியல்கள், மோட்டார்களும் மின்விளக்குகளும் எழுப்பும் இரைச்சல் எட்டாத இடத்தில் அமைய வேண்டும். காவர்ஷாமில் கேட்பாளர்கள் ஓரிடத்திலும், ஏரியல்கள் சில கிலோமீட்டருக்கு அப்பால் கிரோஸ்லி பூங்காவிலும் இருந்தமை இக்காரணத்தாலேயே. அலை பல வழிகளில் வந்து சேர்வதால் ஒலி ஏறியிறங்கும். இதைத் தணிக்க, இடைவெளி விட்டு நிறுத்திய இரண்டு அல்லது மூன்று ஏரியல்களிலிருந்து பெற்று, அவ்வப்போது வலுவாக உள்ளதைப் பயன்படுத்துவர்; எல்லா ஏரியல்களிலும் ஒரே கணத்தில் ஒலி மங்குவது அரிது.

கடற்கரை நிலையத்தில் உப்புப் படலம் பீங்கான் காப்பான்களில் படிந்து மின்கசிவையும் கரகரப்பையும் உண்டாக்கும். ஈரம் இணைப்புகளை அரிக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள். கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு. வால்வு ஏற்பிக் கருவிகள் ஒருநாளில் பழுதாவதினும் மெல்ல மெல்ல வலுவிழப்பதே மிகுதி. நாள்தோறும் சிறிதளவு குறைவதால் எவரும் உணரார். "இன்று வானிலை சரியில்லை" என்பர். இதற்கு மருந்து அளவீடே. தெரிந்த வலுவுள்ள சோதனை அலையைக் குறித்த நாட்களில் செலுத்தி, கருவியின் விடையைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ஒலி கெட்டபோது முதலில் ஏற்பியையும், பின்பு ஏரியலையும் மாற்றிப் பார்த்து, அதே திசையிலுள்ள வேறொரு நிலையத்தையும் கேட்டால், குறை நம்முடையதா, வானுடையதா, எதிரொலி பரப்பித் தடுப்போருடையதா என்பது புலனாகும். கேட்பாளரும் பொறியாளரும் பேசிக்கொள்ளாத நிலையத்தில் இச்சோதனை நிகழாது.

கேளாததை எழுதாமை

1962 அக்டோபர் 28 அன்று, கியூபாவிலிருந்து ஏவுகணைகளை அகற்ற இசைந்து குருஷ்சேவ் எழுதிய கடிதத்தை மாஸ்கோ வானொலியே உலகறிய ஒலிபரப்பிற்று. தூதரக வழியில் செய்தி சென்றடையப் பல மணி நேரம் ஆகும் என்பதே காரணம். அன்று கண்காணிப்பு நிலையங்களில் கேட்டு எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் போருக்கும் அமைதிக்கும் இடைப்பட்டதாயிருந்தது.

எனினும் செவி ஏமாறும் இயல்பினது. எதிர்பார்க்கும் சொல்லையே நாம் எளிதில் கேட்கிறோம் என்பதைக் கோம்பிரிக் தம் அனுபவத்தால் கண்டு, பிற்காலத்தில் எழுதியும் உள்ளார். இரைச்சலில் தேய்ந்த சொல்லை அறிவு நிரப்புகிறது. நிரப்பியது சரியாகவும் இருக்கலாம், விருப்பத்தின் நிழலாகவும் இருக்கலாம். இதனால்தான் இந்நிலையங்களின் அறிக்கைகளில், விளங்காத இடத்தைச் "சொற்கள் தெளிவில்லை" எனக் குறித்துவிடுவது விதியாயிற்று. ஒலிநாடா இருப்பின் வேறொருவர் முதலாமவர் எழுதியதைப் பாராமல் கேட்டு எழுதுதல் நன்று. அவருக்கும் விளங்காவிடின் இடம் வெறுமையாகவே நிற்கட்டும்.

மழைமானியையும் வெப்பமானியையும் படிக்கும் களப்பணியாளர்க்கு இவ்விதி புதிதன்று. தவறிய அளவீட்டை ஊகத்தால் நிரப்புவது பதிவேடு முழுவதையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். ஆசிரியர்கள் இதை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். ஓடும் மின்மோட்டாரின் அருகே மத்திய அலை வானொலிப் பெட்டியை வைத்து, ஒரு செய்தியறிக்கையை மாணவர் பலர் தனித்தனியே எழுதுமாறு செய்க. பின்பு தாள்களை ஒப்பிடுக. எத்தனை பேர் கேளாத சொல்லைத் துணிந்து எழுதினர் என்பது அவர்களுக்கே வியப்பளிக்கும்.

காவர்ஷாம் நிலையம் 2018-இல் மூடப்பட்டுப் பணி லண்டனுக்கு மாறியது. அமெரிக்கப் பணியகம் 2005-இல் வேறு பெயரும் விரிந்த நோக்கும் பெற்றது. செயற்கைக்கோளும் இணையமும் ஏரியல்களின் வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டன. பேச்சை எழுத்தாக்கும் கணிப்பொறிகளும் வந்துள்ளன. அவையும் தேய்ந்த சொல்லை ஊகத்தால் நிரப்புபவையே. ஆகவே, கேட்டது இது, கேளாதது இது எனப் பிரித்துரைக்கும் பயிற்சி பெற்ற மனிதரின் தேவை குறைந்துவிடவில்லை.